ஆறுமணி அக்கா

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தால் முதல் வருடம் அறுத்துப் படிக்க ஒரு பிணம் கொடுப்பார்கள். திருச்சிக்கு வெளியே, கொள்ளிடக் கரையை ஒட்டியிருந்த அந்தக் கல்லூரியில் பி.எஸ்சி. நலத்தரவு ஆய்வியல் படிக்க வந்த பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கும் ஆளையே கொடுத்தார்கள்.

கொடுத்தார்கள் என்றால், ஆள் நேரில் வந்து நிற்கமாட்டார். எங்கேயோ ஓர் ஊரில் தாமாக முன்வந்து மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டிருப்பார். அவருடைய நாடி, தூக்கம், நடை, வியர்வை, உடம்புச் சூடு, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் ஒருநாள் தாமதத்தில் மாணவரின் திரைக்கு வந்து சேரும். பெயரும் ஊரும் வராது. எண், வயது, ஆணா பெண்ணா என்பது, அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கும் அதே ஆள். சேர்ந்த அன்றே கையை நீட்டி உறுதிமொழி எடுக்கவைத்தார்கள்: இவர் யாரென்று தேடமாட்டேன்.

தேடமாட்டேன் என்றுதான் சொன்னார்களே தவிர, பட்டப்பெயர் வைக்கமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. சும்மா விடுவார்களா? குறட்டை மாமா, பஜ்ஜி அங்கிள், நடைராணி என்று வகுப்பே ஒரு தனித் தெருவாக இருந்தது.

தன்யஸ்ரீயின் ஆளுக்கு ஆறுமணி அக்கா என்று பெயர்.

முதல் வருடம் அந்த அக்காவை நினைத்தாலே தன்யாவுக்குக் கொட்டாவி வந்தது. நாற்பத்து மூன்று வயதுப் பெண். சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை. சனிக்கிழமை முழுக்கச் சர்க்கரை ஏறாமல் கிடக்கும், விரதம். வெள்ளிக்கிழமை விடிகாலையில் நிறைய படி ஏறுவார், ஏதோ மலைக்கோயிலாக இருக்கும். பெரம்பலூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் அப்பாவிடம் போனில், "எனக்கு மட்டும் ஒரு நோயும் இல்லாத ஆளு மாட்டியிருக்குப்பா" என்று புலம்பினாள். "அடிப்பாவி, அதுக்கு சந்தோஷப்படாம" என்றார் அவர்.

இரண்டாம் வருடம்தான் அது கண்ணில் பட்டது. மாலை ஆறு மணி வாக்கில் அக்காவின் நாடி திடீரென்று எகிறும். வியர்வை கூடும். ஓட்டமில்லை, படியில்லை, ஆள் இருந்த இடத்தில்தான் இருக்கிறார். சில நிமிடத்தில் எல்லாம் அடங்கி, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அப்படி ஓர் அமைதி. அன்று இரவு தூக்கமும் நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் இது கிடையாது. அன்றைக்குத் தூக்கமும் கிடையாது.

"இது நோய் இல்லடி, இது வேற" என்றாள் விடுதி அறைத்தோழி ஹாஜிரா, ஆய்வுக்கூடத்தில் அவள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு. "யாரோ வர்றான்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் தன்யாவுக்குப் படிப்பின்மேல் ஆசை வந்துவிட்டது. இந்தக் கணக்கைக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் மட்டும்தான் திறக்க முடியும், அதற்கும் ஆளுக்கொரு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். தன் நேரம் வந்ததும் ஓடிப்போய் உட்கார்ந்தாள். ஏப்ரல், மே மாதங்களில் எகிறல் மொத்தமாகக் காணாமல் போனது. ஆக, வருகிறவன் பள்ளிக்கூட விடுமுறைக்குக் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளோடு வீட்டில் இருக்கிறான். கல்யாணம் ஆனவன்! பேராசிரியர் எட்வின் சேவியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதையே கடைசி வருஷ ஆய்வா எடு. உடம்போட கணக்கை வச்சு ஒருத்தரோட உறவைக் கண்டுபிடிக்க முடியுமான்னு தலைப்பு. புள்ளியியல் எல்லாம் சரியாத்தான் போட்டிருக்க. ஆனா மேடையில எண்ணைக் காட்டினா எல்லாரும் தூங்கிருவாங்க. கதையாச் சொல்லு."

"அவங்களும் அன்னிக்கு வருவாங்களே சார்?"

"வந்தா என்ன? எந்த ஆளு எந்த எண்ணுன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

கடைசி வருட முடிவில் அந்தக் கல்லூரியில் 'நன்றி நாள்' என்று ஒன்று உண்டு. பட்டை கட்டியவர்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டு, முன்வரிசைகளில் உட்காரவைத்து, பிள்ளைகள் தங்கள் ஆய்வைச் சொல்வார்கள். மதியம் சாப்பாடு. சாயங்காலம் சிறந்த ஆய்வுக்குப் பதக்கம். அந்த வருடம் பதக்கத்தோடு, சென்னையில் ஒரு பெரிய ஆய்வு மையத்தில் வேலையும் உண்டு என்று அறிவித்திருந்தார்கள். தன்யாவுக்கு அது வேண்டும். வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும் ரொம்பவே வேண்டும்.

நன்றி நாள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. தன்யா முற்பகலில் மேடையேறினாள். எட்வின் சார் சொன்னபடியே கதையாகச் சொன்னாள். சனிக்கிழமை விரதத்தைச் சொன்னாள், வெள்ளிக்கிழமைப் படிகளைச் சொன்னாள். "இவ்வளவு பக்தியான அக்காவுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் என்ன ஆகுது?" என்று கேட்டு நிறுத்தினாள். அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. திரையில் நாடியின் சிவப்புக் கோடு குபீரென்று ஏறியதும் பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை அவர் லீவு" என்றாள். சிரிப்பு. "கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோட ஊருக்குப் போயிடுவாரு." பெரிய சிரிப்பு. "போன டிசம்பர்ல ஒருநாள் மட்டும் மத்தியானம் ரெண்டு மணிக்கே வந்துட்டாரு. பாவம், ஆபீஸ்ல அரைநாள் லீவு போட்டிருப்பாரு!" அதற்கு அரங்கமே குலுங்கியது. முதல்வர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு பேரைத் தன்னால் சிரிக்கவைக்க முடியும் என்பது தன்யாவுக்கே புதுசு. அது பிடித்திருந்தது. நன்றாகவே பிடித்திருந்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் மூன்றாவது வரிசையில் ஒன்றைப் பார்த்தாள். சாம்பல் நிறப் புடவை கட்டிய ஒரு பெண் முந்தானையை இழுத்து இடது மணிக்கட்டை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஆள் மேடையைப் பார்க்காமல் அந்தப் பெண்ணையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அரங்கில் குளிர் அதிகம், ஏசியைக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்று தன்யா நினைத்தாள். அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

மதியச் சாப்பாட்டுப் பந்தியில் அவளுக்கு எதிரே ஒரு பெரிய மீசைக்காரர் வந்து உட்கார்ந்தார். வாழைமண்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"நீதானம்மா அந்த ஆறுமணிக் கதை சொன்ன பொண்ணு? வயிறு வலிக்கச் சிரிச்சேன், போ. நம்மளப் பாக்குற பய யாருன்னு தெரியல. ஆனா சரியான சோம்பேறி. மாசத்துக்கு ரெண்டு தடவை எட்டிப் பாத்தாலே பெருசு."

"அவன் பாக்குறது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"இதுதான் சொல்லிடுமே." சோற்றுக் கையை விட்டுவிட்டு இடது கையை நீட்டிப் பட்டையைக் காட்டினார். "உங்க ஆளுங்க நம்ம கணக்கைத் திறந்தா அந்த நிமிஷமே இங்க லேசா ஒரு தட்டு தட்டும். கட்டி விடுறப்பவே சொன்னாங்களே. நம்ம உடம்பை யார் பாத்தாலும் நமக்குத் தெரியணுமாம்ல. மொதல்ல எல்லாம் இது தட்டுனா மனசுக்கு ஒரு மாதிரி நல்லாருக்கும். எங்கயோ ஒரு புள்ள உக்காந்து நம்மள விசாரிக்குதேன்னு. வீட்டுல எவன் விசாரிக்கிறான்? அப்பறம் பழகிப்போச்சு. ரசம் ஊத்திக்கம்மா, ஆறுது."

தன்யா ரசம் ஊற்றிக்கொள்ளவில்லை.

அவளுக்கும் அது தெரியும். முதல் வருட அறவியல் பாடத்தில் ஒரே ஒரு வரி. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகவே வந்தது: 'தரவு திறக்கப்படுவதைக் கொடையாளர் எவ்வாறு அறிவார்?' சரியாக எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கியிருந்தாள். எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் ஒதுக்கிய நேரம் மாலை ஆறு முதல் ஏழு. ஞாயிற்றுக்கிழமை கூடம் பூட்டியிருக்கும். ஏப்ரல், மே கல்லூரி விடுமுறை. அப்புறம் அந்த டிசம்பர் மாதத்து ஒருநாள். பெரியம்மா மகளின் வரவேற்புக்குப் போக வேண்டும் என்று ஹாஜிராவிடம் நேரத்தை மாற்றிக்கொண்டு மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்த் திறந்தது நினைவுக்கு வந்தது. சிவப்புப் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருந்ததுகூட நினைவுக்கு வந்தது.

இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தாள். எழுந்தவளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை, கால் மட்டும் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அக்காவின் கோடு அவள் ஆய்வுக்கோப்பில் ஏற்கெனவே இருந்தது. தன் வருகைப் பதிவை எடுத்து அதன்மேல் வைத்தாள். காய்ச்சலில் படுத்திருந்த நாட்கள், பேருந்து வேலைநிறுத்தத்தில் ஊரிலேயே தங்கிவிட்ட நாட்கள், எல்லாவற்றிலும் அக்காவின் மாலை வெறுமையாக இருந்தது. இவள் வந்த நாளில் எல்லாம் அக்கா பூரித்திருக்கிறார். இவள் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம்தான் அவருடைய அமைதி. இவள் மூடிவிட்டுப் போன பிறகு வந்த தூக்கம்தான் நல்ல தூக்கம்.

உடம்பெல்லாம் கூசியது. இரண்டு வருடமாக ஒருவர் தன்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவரைத்தான் இன்று ஊர் கூட்டி, பெயர் வைத்து, கள்ளத்தனமாக ஓர் ஆளையும் ஒட்டவைத்து, எல்லோரையும் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள்.

ஹாஜிரா தேடிக்கொண்டு வந்தாள்.

"நான்தான்டி அது" என்றாள் தன்யா.

"எது?"

"அந்த ஆளு. ஆறு மணிக்கு வர்ற ஆளு."

ஹாஜிரா திரையைப் பார்த்தாள். தான் அன்று சொன்ன வார்த்தை அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சரி விடு" என்றாள் கடைசியில், குரலில் தெம்பில்லாமல். "வெளிய தெரியாது. அவங்க யாருன்னே நமக்குத் தெரியாதுல்ல."

"எனக்குத் தெரியும். மூணாவது வரிசை. பக்கத்துல இருந்தவருக்கும் தெரிஞ்சுபோச்சு. விரதத்தையும் கோயிலையும் நான்தான போட்டு உடைச்சேன்? வீட்டுல இருக்கறவங்களுக்கு அது போதாதா?"

"மேடையில ஏறிச் சொல்லப்போறியா? பதக்கம் போயிடும்டி. வேலையும்."

தன்யாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆய்வின் முடிவே தப்பு என்று தானே சொன்ன பிறகு யார் பதக்கம் கொடுப்பார்கள்? கைகழுவும் இடத்தில் முகத்தைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பதக்கம் அறிவிப்பதற்கு முன்னால் எட்வின் சாரிடம் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து அவர் கொடுத்துவிட்டார். ஒன்றில் உறுதியாக இருந்தாள்: மூன்றாவது வரிசையைப் பார்க்கக் கூடாது. தான் பார்த்தால் எல்லோரும் அங்கே பார்ப்பார்கள். தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"காலையில நான் சொன்னது தப்பு. அந்த அக்காவைப் பாக்க யாரும் வரல. நாங்க திறக்குறப்போ பட்டை தட்டும்ல, அந்தத் தட்டுக்குத்தான் அவங்க நாடி ஏறியிருக்கு. ஆறு மணிக்கு வந்தது நான்தான். ஞாயித்துக்கிழமை எனக்குத்தான் லீவு. ஊருக்குப் போனதும் நான்தான்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு புள்ள நம்மள விசாரிக்க வருதுன்னு அவங்க நெனச்சிருக்காங்க. நான் கணக்கு எடுத்தேன். எல்லாத்தையும் எண்ணுனேன், என்னை மட்டும் எண்ணல. அவங்க வீட்டு ஆளுங்க யாராவது இங்க இருந்தா, தயவுசெஞ்சு அவங்களைத் தப்பா நெனைக்காதீங்க. வெட்கப்பட வேண்டியது நான்."

இரண்டு கோடுகளையும் திரையில் போட்டாள். ஒன்றின்மேல் ஒன்று அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

எட்வின் சார்தான் முதலில் எழுந்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினாள், அது இல்லை. கண் பளபளவென்றிருந்தது.

"நாம பாக்குறதே நோயாளியோட உடம்பை மாத்துது! இதுவரைக்கும் யாரும் இதை இப்படி அளந்து காட்டினதில்ல. தன்யஸ்ரீ, இப்பவே திற. அவங்க இங்கதான் எங்கேயோ இருக்காங்க. தட்டு விழுறப்போ அவங்க முகத்துல என்ன ஆகுதுன்னு நேர்லயே பாத்துடலாம்."

"மாட்டேன் சார்."

"ஒரே ஒரு தடவைம்மா."

"இப்ப தட்டுனா அவங்க கையைப் பாப்பாங்க. எல்லாரும் அவங்களைப் பாத்துருவாங்க. மாட்டேன்."

அப்போதுதான் கைதட்டல் எழுந்தது. காலையில் வந்ததைவிடப் பெரிய கைதட்டல். வாழைமண்டிக்காரர் எழுந்து நின்றே தட்டினார். சிறப்பு விருந்தினர், அறிவியலுக்கு வேண்டியது இந்த நேர்மைதான் என்று பத்து நிமிடம் பேசினார். பதக்கம் தன்யாவுக்கே கிடைத்தது, சென்னை வேலையும் அவளுக்கே. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தப்பை ஒத்துக்கொண்டாயிற்று, அந்தப் பெண்ணின் பெயரையும் மீட்டுக் கொடுத்தாயிற்று, வாங்கிக்கொண்டால் என்ன என்று இருந்தது. கழுத்தில் பதக்கத்தோடு அப்பாவுக்குப் படம் அனுப்பினாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் சனிக்கிழமை. கடைசி நாள். மாலை ஏழு மணியோடு எல்லா மாணவர்களுக்கும் திறப்பு முடிந்துவிடும். ஆறு மணிக்குத் தன்யா வழக்கமான நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். திறக்கலாமா என்று யோசித்தாள். தட்டினால் அக்காவுக்குப் புரியும், நேற்றுக் கேட்டிருப்பாரே, விடைபெறுவதாக எடுத்துக்கொள்வார் என்று நினைத்தாள். திறந்தாள்.

ஒருநாள் தாமதம் என்பதால் திரையில் நேற்றைய வெள்ளிக்கிழமை வந்தது. விடிகாலையில் படிகள். கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். அப்புறம் நாடி கொஞ்சம் வேகம்; நாலு பேர் கூடும் இடத்துக்கு, நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்புகிறவரின் வேகம். பிறகு உட்கார்ந்தாயிற்று. முற்பகலில் கோடு ஏறத் தொடங்கியது. மூன்று வருடத்தில் அது இவ்வளவு உயரம் போனதில்லை.

அந்தக் கோட்டை வாசிக்கத் தன்யாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த இடத்தில் விரதத்தைச் சொன்னாள். இங்கே படிகளை. இந்த முதல் மேட்டில் 'ஞாயித்துக்கிழமை அவர் லீவு'. இதற்கு மேலே குடும்பத்தோடு ஊருக்குப் போன நகைச்சுவை. உச்சியில், அரங்கமே குலுங்கிய அந்த அரைநாள் லீவு. அவளுடைய பேச்சு முழுவதும் அந்தப் பெண்ணின் உடம்பில் வரி பிசகாமல் எழுதியிருந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் தள்ளிக் கோடு நின்றுபோனது. இறங்கவில்லை, நின்றுபோனது. பட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். அவரே கழற்றினாரா, பக்கத்தில் இருந்தவர் கழற்றினாரா என்பது கோட்டில் இல்லை. மணி அப்போது பன்னிரண்டுகூட ஆகவில்லை. சாப்பாட்டுக்கே அவர்கள் இருக்கவில்லை.

சாயங்காலம் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு அழுதழுது பேசியபோது மூன்றாவது வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்திருக்கின்றன. கண்ணியம் என்று நினைத்து அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

மாடிக்கு ஓடினாள். எட்வின் சார் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அவங்க இல்ல. நான் சொன்னதை அவங்க கேக்கவே இல்ல. எப்படியாவது தெரியப்படுத்தணும் சார்."

"பட்டையைக் கழட்டிட்டா விலகிட்டாங்கன்னு அர்த்தம்மா. பேரு, முகவரி எல்லாம் உடனே அழிஞ்சிடும். அவங்க பாதுகாப்புக்காக வச்ச விதிதான் அது." சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அவள் தோளைத் தட்டினார், அன்பாகத்தான். "மனசைப் போட்டுக் குழப்பிக்காத. நீ செய்ய வேண்டியதை எல்லார் முன்னாடியும் செஞ்சுட்ட."

எல்லார் முன்னாடியும். அந்த ஒருவரைத் தவிர எல்லார் முன்னாடியும்.

தன்யா திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஏழு மணி ஆக இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. பட்டை எங்கேயாவது இருக்கும். ஏதாவது ஒரு வீட்டில், அலமாரியிலோ சாப்பாட்டு மேசையிலோ, யாருடைய பார்வையிலாவது கிடக்கும். அக்காவைத் திரும்பிப் பார்த்த அந்த ஆளின் காதிலாவது விழட்டும் என்று கணக்கை மூடினாள், திறந்தாள். மறுபடி மூடினாள், திறந்தாள். ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு தட்டு. நான்தான், நான்தான் என்று தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஏழு மணிக்குத் திரை தானாக அணைந்தது. அதன் கறுப்பில் அவள் முகமும், கழற்ற மறந்திருந்த பதக்கமும் தெரிந்தன.